ஜபீராவிலிருந்து கழுத்துப் பட்டை வரை



அரபு மொழியில் 'ஜப்ர்' என்றொரு சொல் உண்டு. உடைந்ததை ஒட்டுதல், விலகியதை அதன் இடத்தில் நிறுத்துதல், குறைந்ததை நிறைவாக்குதல் என்பன அதன் பொருள்கள். எலும்பு முறிந்தவருக்கு வைத்துக் கட்டும் தப்பைக்கும் கட்டுக்கும் 'ஜபீரா' என்று பெயர். அதைக் கட்டுபவர் 'முஜப்பிர்'. ஏறத்தாழ கி.பி. 820-இல் பாக்தாதில் அல்குவாரிஸ்மீ தமது கணித நூலுக்குப் பெயரிட்டபோது இந்தச் சொல்லையே எடுத்தாண்டார். சமன்பாட்டில் ஒரு பக்கம் குறைந்து நிற்பதைச் சரிசெய்து நிறுத்துவதற்கு எலும்பைச் சேர்த்து வைப்பதைக் குறிக்கும் சொல்லே அவருக்குப் பொருத்தமாகப் பட்டது. பள்ளிப் பிள்ளைகள் இன்று 'அல்ஜீப்ரா' என்று படிப்பது அதுதான். ஸ்பெயின் நாட்டிலோ அச்சொல் இரு பொருளோடும் பல நூற்றாண்டுகள் வாழ்ந்தது. அங்கே 'அல்ஹெப்ரீஸ்தா' என்றால் எலும்பு வைத்தியர். செர்வாண்டிஸ் 1615-இல் வெளியிட்ட 'டான் குயிக்ஸோட்' இரண்டாம் பாகத்தில், அடிபட்டு விழுந்த ஒருவனுக்கு வைத்தியம் செய்பவர் அப்படி ஓர் அல்ஹெப்ரீஸ்தாவே. இரு ஸஜ்தாக்களுக்கு இடையே அமர்ந்து நாம் கேட்கும் துஆவில் 'வஜ்புர்னீ' என்று வருகிறதல்லவா? அதன் வேரும் இதுவே.

ஜபீராக்கள் பல. அவற்றுள் ஒன்றை மட்டும் இங்கே எடுத்துக்கொள்கிறோம். கழுத்து அடிபட்டவர்களும் கழுத்தெலும்பு நோயுற்றவர்களும் அணியும் பட்டை அது. 'காலர்' என்றே பலரும் சொல்கின்றனர். இதன் வரலாற்றை எழுத வேண்டும் என்று தோன்றியதற்குக் காரணம் உண்டு. நம் மஹல்லாக்களில் இப்பட்டையைப் பற்றி நேர் எதிரான இரண்டு பழக்கங்களைக் காண்கிறோம். மருத்துவர் கழற்றவே கூடாது என்று சொல்லிப் பூட்டிய பட்டையை, உளூ முழுமையாக வேண்டும், ஸஜ்தா தரையில் பட வேண்டும் என்ற பேணுதலால் ஐந்து வேளையும் கழற்றி வைப்போர் உண்டு. கழுத்து வலிக்கிறது என்று மருந்துக் கடையில் தாமே ஒரு ஸ்பாஞ்சுப் பட்டை வாங்கி, யாரிடமும் கேட்காமல் மாதக்கணக்கில் அணிந்திருப்போரும் உண்டு. முதலாமவர் உயிரோடு விளையாடுகிறார். இரண்டாமவர் தம் கழுத்தின் வலுவைத் தாமே குறைத்துக்கொள்கிறார். இவ்விரண்டும் ஏன் தவறாகின்றன என்பதை இப்பட்டை உருவான வரலாறு தெளிவாகக் காட்டுகிறது.

கழுத்தைக் கட்டுவது கையைக் கட்டுவது போன்றதன்று. முன்கை எலும்பு முறிந்தால் இரண்டு தப்பைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிவிடலாம். கழுத்தில் ஏழு முள்ளெலும்புகள் உள்ளன. அவற்றின் மேல் ஏறத்தாழ ஐந்து கிலோ எடையுள்ள தலை அமர்ந்திருக்கிறது. நடுவே தண்டுவடம் இறங்குகிறது. முன்புறம் மூச்சுக்குழலும் உணவுக்குழலும், இரு பக்கங்களிலும் மூளைக்குச் சென்றுவரும் பெரிய இரத்தக் குழாய்களும் உள்ளன. ஆகவே கழுத்தை நேரடியாகப் பிடித்து இறுக்க வழியில்லை. பிடிமானத்தை வேறெங்காவது தேட வேண்டும். மேலே மோவாயும் பிடரியும், கீழே மார்பெலும்பும் தோள்களும் முதுகும் என அந்தச் சில இடங்களைத்தான் பட்டை நம்பியாக வேண்டும். மோவாயோ உண்ணவும் பேசவும் அசைந்துகொண்டே இருக்கும் உறுப்பு. பிடரியில் எலும்புக்கும் தோலுக்கும் இடையே சதை மிகக் குறைவு, ஆதலால் அங்கே அழுத்தினால் விரைவில் புண்ணாகும். தலையைத் திருப்பும் அசைவில் ஏறத்தாழப் பாதி, மேலே முதல் இரண்டு எலும்புகளுக்கு இடையே மட்டும் நிகழ்கிறது. வெளியிலிருந்து எந்தப் பட்டையும் அவ்விடத்தை எளிதில் எட்டாது. கழுத்துப் பட்டை செய்யப் புகுந்த ஒவ்வொரு கைவினைஞரும் மருத்துவரும் இந்தத் தடைகளோடுதான் போராடியிருக்கின்றனர்.

இத்துறையின் மிகப் பழைய சான்று எகிப்தில் கிடைத்தது. 1862-இல் லக்ஸர் நகரில் எட்வின் ஸ்மித் என்பவர் விலைக்கு வாங்கிய பாப்பிரஸ் சுருள் ஏறத்தாழ 3600 ஆண்டுகள் பழமையானது. அதைவிடவும் பழைய மூலத்தைப் பார்த்து எழுதப்பட்டது என்பது அறிஞர் முடிவு. பிரெஸ்டெட் என்ற அறிஞர் அதன் மொழிபெயர்ப்பை 1930-இல் வெளியிட்டார். அதிலுள்ள 48 நோயாளிகளின் குறிப்புகளில் ஐந்து கழுத்தெலும்பைப் பற்றியவை. கழுத்து சுளுக்கியவருக்கு மருந்து வைத்துக் கட்டச் சொல்கிறது அந்தச் சுருள். எலும்பு விலகிக் கைகால்களில் உணர்வே இல்லாமல், சிறுநீர் தானாகச் சொட்டும் நிலையில் ஒருவர் கொண்டுவரப்பட்டால், இது சிகிச்சைக்குரிய நோயன்று என்று தீர்ப்பளிக்கிறது. இரக்கமற்ற வாசகமாகத் தோன்றலாம். நாம் அதை அவ்வாறு பார்க்கவில்லை. எந்தக் கழுத்துக்குக் கட்டு உதவும், எதற்கு உதவாது என்று பிரித்தறிய முற்பட்ட முதல் எழுத்து அது.

கிரேக்க உரோம உலகில் காலன் செய்த ஒரு சிகிச்சையும் இவ்வரிசையில் வரும். பவ்சேனியஸ் என்ற சிரியா நாட்டு அறிஞருக்கு மோதிர விரலும் சுண்டு விரலும் நடுவிரலில் பாதியும் மரத்துப்போயின. மற்ற வைத்தியர்கள் விரலுக்கே களிம்பு பூசிக்கொண்டிருக்க, அவர் வண்டியிலிருந்து விழுந்து மேல்முதுகில் அடிபட்டதைக் கேட்டறிந்த காலன், மருந்தைக் கழுத்தின் அடியில் இடச் செய்தார். நோய் தெரிவது ஓரிடம், இருப்பது வேறிடம். காலனின் நூல்கள் ஹுனைன் இப்னு இஸ்ஹாக்கும் அவருடைய குழுவினரும் செய்த மொழிபெயர்ப்புகள் வழியே அரபுக்கு வந்தன. ஏழாம் நூற்றாண்டைச் சேர்ந்த பவுல் என்ற கிரேக்க மருத்துவரின் நூலும் அவ்வாறே வந்தது. எலும்பு முறிவைப் பற்றிய பகுதி அந்நூலின் ஆறாம் பாகத்தில் உள்ளது. அதன் பெயரைக் கீழே மீண்டும் சந்திப்போம்.

இனி அந்தலூஸுக்கு வருவோம். குர்துபா நகருக்கு அருகே மதீனத்துஸ் ஸஹ்ராவில் பிறந்த அபுல் காஸிம் அஸ்ஸஹ்ராவீ (936–1013) எழுதிய 'அத்தஸ்ரீஃப்' முப்பது பாகங்களைக் கொண்டது. முப்பதாவது பாகம் அறுவை மருத்துவம் பற்றியது. அதன் மூன்றாவது பிரிவு முழுவதும் ஜப்ர், அதாவது எலும்பு முறிவும் மூட்டு விலகலும். முதுகு, கழுத்து முள்ளெலும்புகளின் முறிவைப் பற்றி அவர் எழுதியுள்ள இடத்தில் நம் மனத்தை நிறுத்துவது அவர் கற்பிக்கும் சோதனை. கழுத்தில் அடிபட்டவரின் கைகளைப் பாருங்கள் என்கிறார். கைகள் தளர்ந்து, நீட்டவோ மடக்கவோ இயலாமல், கிள்ளினாலும் ஊசியால் குத்தினாலும் உணர்வின்றிக் கிடந்தால் பெரும்பாலும் அவர் பிழைப்பதில்லை. கைகள் அசைந்து, கிள்ளுவதும் குத்துவதும் தெரிந்தால் தண்டுவடம் தப்பியிருக்கிறது, சிகிச்சை பலன் தரும். இன்று விபத்துப் பிரிவில் கழுத்து அடிபட்டவரிடம் மருத்துவர் விரலை அசைக்கச் சொல்லிக் கேட்பதும், தோலை மெல்லத் தொட்டுத் தெரிகிறதா என்று கேட்பதும் இதே வகைச் சோதனைதான்.

அவர் தப்பைகளுக்குச் சொல்லும் பொருள்களும் எளியவை. பிளந்து இழைத்த நாணல், பைன் மரம், பேரீச்ச மட்டை. கட்டு இறுகி நிற்பதற்கு மாவு ஆலையின் சுவர்களில் படியும் தூள் மாவை முட்டை வெண்கருவில் குழைத்துப் பூசச் சொல்கிறார். நம் ஊர்ப் பாரம்பரிய எலும்பு வைத்தியர்கள் உளுந்து மாவையும் முட்டை வெண்கருவையும் குழைத்து மூங்கில் தப்பை வைத்துக் கட்டுவதை வாசகர்கள் பார்த்திருப்பீர்கள். மருத்துவமனையில் ஜிப்சம் பூசிப் போடுவதையும் தமிழர் 'மாவுக்கட்டு' என்றே அழைக்கின்றனர். அதில் மாவு போய் நெடுங்காலமாயிற்று, பெயர் மட்டும் நிற்கிறது.

கட்டுபவரின் தகுதியையும் நம் முன்னோர் விட்டுவிடவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் அஷ்ஷைஸரீ என்பவர் கடைவீதிகளைக் கண்காணிக்கும் முஹ்தஸிபுகளுக்காக ஒரு கையேடு எழுதினார். அப்பம் சுடுபவர், துணி விற்பவர், இரத்தம் குத்தி எடுப்பவர் என ஒவ்வொரு தொழிலுக்கும் அதில் விதிகள் உண்டு. முஜப்பிருக்கு அவர் வைக்கும் நிபந்தனை, பவுலின் நூலின் ஆறாம் பாகத்தை அறிந்திருக்க வேண்டும், மனித உடலின் எலும்புகளையும் அவற்றின் வடிவங்களையும் தெரிந்திருக்க வேண்டும் என்பது. கடைவீதியில் உட்கார்ந்து எலும்பு கட்டுபவருக்கும் பாடநூல் உண்டு, தேர்வும் உண்டு!

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுதல் நலம். இன்று கடைகளில் தொங்கும் கழுத்துப் பட்டை முஸ்லிம்களின் கண்டுபிடிப்பு என்று யாரேனும் படம் போட்டு அனுப்பினால் அதை நம்ப வேண்டாம். ஸஹ்ராவீயின் பெருமைக்கு அப்படிப்பட்ட ஒட்டுவேலை தேவையுமில்லை. அவரது நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கெரார்து என்பவர் இலத்தீனில் பெயர்த்தார். அதன்பின் ஐரோப்பிய அறுவை மருத்துவர்கள் நூற்றாண்டுகள் பல அதைப் படித்தனர். உதுமானியப் பேரரசின் அமாஸ்யா நகரில் 1465-இல் ஷரஃபுத்தீன் ஸபுன்ஜுஓக்லு தமது முதுமையில் துருக்கி மொழியில் அறுவை மருத்துவ நூல் எழுதியபோது, ஸஹ்ராவீயின் வழியை ஒட்டி எழுதியதோடு, சிகிச்சை செய்யும் விதத்தை மனித உருவங்களோடு வண்ணப் படங்களாகவும் வரைந்தார். இவையே போதுமான சிறப்பு.

ஐரோப்பாவில் பட்டை வேறொரு கைக்கு மாறியது. அது இரும்புக் கொல்லரின் கை. போர்க்கவசம் செய்யத் தெரிந்தவருக்கு உடலின் வளைவுக்கேற்பத் தகட்டை வளைக்கத் தெரியும். பதினாறாம் நூற்றாண்டில் பிரான்ஸின் அம்புரோஸ் பாரே கூன் விழுந்த உடல்களுக்கு இரும்பு மார்க்கச்சை செய்வித்தார். எடை குறையவும் காற்றுப் புகவும் தகட்டில் துளைகள் இடப்பட்டன. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானியரான ஹைஸ்டர் ஓர் இரும்புச் சிலுவைச் சட்டத்தை வடிவமைத்தார். முதுகோடு ஒரு கம்பி, தோள்களின் குறுக்கே ஒரு கம்பி, மேலே கழுத்துக்கு ஒரு வளையம். பிடிமானத்தைக் கழுத்திலிருந்து முதுகுக்கும் தோளுக்கும் இறக்கிய அந்த அமைப்பில் பிற்காலப் பட்டைகளின் எலும்புக்கூடு தெரிகிறது. அணிந்தவர் பட்ட பாட்டை எண்ணிப் பார்க்கவும் கடினமாயிருக்கிறது.

அக்காலத்தில் கழுத்துக்குத் தாங்கல் தேவைப்பட்டோருள் பலர், விபத்தில் அடிபட்டோர் அல்லர், காசநோய் கண்ட பிள்ளைகள். காசநோய் நுரையீரலை மட்டும் தின்பதன்று. முள்ளெலும்பைத் தின்றால் எலும்பு நொறுங்கிக் கூன் விழும், கால்கள் செயலிழக்கும். 1779-இல் இந்நிலையை விவரித்த இங்கிலாந்து மருத்துவர் பெர்சிவல் பாட் பெயராலேயே அந்நோய் இன்றும் அழைக்கப்படுகிறது. மருந்து இல்லாத காலம் அது. எலும்பை அசையாமல் வைத்திருந்தால் தானாக ஆறக்கூடும் என்பதே ஒரே நம்பிக்கை. நியூயார்க்கின் லூயிஸ் சேயர் 1877-இல் வெளியிட்ட நூலில் இதற்கு ஒரு வழி காட்டினார். பிள்ளையைத் தலையிலும் அக்குளிலும் வார் கட்டித் தூக்கி நிறுத்தி, உடலைச் சுற்றி ஜிப்சம் கட்டுப் போடுவார். நோய் மேலே கழுத்தில் இருந்தால் அக்கட்டின் முதுகுப் பக்கத்திலிருந்து ஓர் இரும்புக் கம்பி மேலெழுந்து தலைக்கு மேல் வளைந்து வரும். அதிலிருந்து தொங்கும் வார் மோவாயையும் பிடரியையும் ஏந்திக்கொள்ளும். கப்பலில் பாய்மரம் முறிந்தால் தற்காலிகமாக நடும் மரத்தின் பெயரை அக்கம்பிக்கு வைத்தார்கள். தலையின் பாரம் நோயுற்ற கழுத்தின் மேல் விழாமல் கம்பி வழியாக இடுப்புக்கு இறங்கிவிடுகிறது. பொறியியல் நோக்கில் மிகச் சரியான சிந்தனை. ஆனால் அந்தக் கம்பியைத் தலைக்கு மேல் சுமந்துகொண்டு ஒரு குழந்தை மாதக்கணக்கில் நடமாட வேண்டியிருந்தது.

ஜிப்சம் கட்டைப் பற்றி ஓர் இடைக்குறிப்பு. துணியில் ஜிப்சம் தூளைத் தேய்த்து நனைத்துச் சுற்றும் முறையை 1850-களின் தொடக்கத்தில் நெதர்லாந்துப் படை மருத்துவர் மத்தைசன் உருவாக்கினார். அதற்கு அரை நூற்றாண்டுக்கு முன்பே, பஸ்ராவிலிருந்த ஆங்கிலேயத் தூதர் ஒருவர், அங்குள்ளோர் முறிந்த காலைச் சுற்றி ஜிப்சம் குழம்பை ஊற்றி இறுகவிடுவதைக் கண்டு 1790-களில் கடிதம் எழுதியிருந்தார். அக்கடிதம் ஐரோப்பிய மருத்துவர்களிடையே பேசப்பட்டது.

இதே காலத்தில் லிவர்பூல் துறைமுகத்தில் ஹ்யூ ஓவன் தாமஸ் (1834–1891) என்பவர் வேறு வழியில் சென்றார். இவர் வேல்ஸ் நாட்டின் ஆங்கில்ஸி தீவில் தலைமுறை தலைமுறையாக எலும்பு கட்டிய குடும்பத்தில் வந்தவர். தந்தை பட்டம் பெறாத எலும்பு வைத்தியர். பட்டம் பெற்ற மருத்துவர்களின் பகைமையால் பலமுறை அல்லலுற்றவர். மகன் முறையாக மருத்துவம் பயின்றார், ஆயினும் குடும்பக் கலையைக் கைவிடவில்லை. குடும்பத்தின் முன்னோர் பதினெட்டாம் நூற்றாண்டில் கப்பல் உடைந்து கரையொதுங்கிய ஒரு சிறுவன் என்றும், அவன் ஸ்பெயினிலிருந்து வந்திருக்கலாம் என்றும் ஒரு வழக்கு இருந்தது. ஸ்பெயின் என்றதும் குர்துபாவுக்குப் பாலம் கட்ட நம்மில் சிலருக்குக் கை துறுதுறுக்கும். அதற்குச் சான்று ஏதுமில்லை, விட்டுவிடுவோம்.

தாமஸ் தம் வீட்டிலேயே பட்டறை வைத்திருந்தார். கொல்லரும் தோல் வேலைக்காரரும் அங்கே பணியாற்றினர். நோயாளியை அளந்து, அவருடைய உடலுக்கென்றே தகட்டை வளைத்து, தோல் தைத்துக் கொடுப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் ஏழைகளுக்கு இலவச சிகிச்சை. அவர் பெயரால் வழங்கும் கழுத்துப் பட்டை மிக எளியது. உள்ளே தகடு, அதன் மேல் மெத்தென்ற ஃபெல்ட் துணி, அதன் மேல் தோல் உறை. தலைக்கு மேல் கம்பி இல்லை, முதுகில் சட்டம் இல்லை. மோவாய்க்கும் மார்பெலும்புக்கும் இடையே உள்ள உயரத்தை அளந்து அதை மட்டும் நிரப்பினார். அவருடைய கொள்கை ஓய்வு. நோயுற்ற மூட்டுக்கு இடைவெளியற்ற, நீண்ட, முழுமையான ஓய்வு வேண்டும் என்றார். காலுக்கு அவர் செய்த தாங்கிச் சட்டம், அவருடைய மருமகன் முறையான ராபர்ட் ஜோன்ஸ் வழியாக முதல் உலகப் போரில் எண்ணற்ற படைவீரரின் உயிரைக் காத்தது. இன்றைய ஸ்பாஞ்சுப் பட்டையும் பிளாஸ்டிக் பட்டையும் தாமஸின் தோல் பட்டையின் வழித்தோன்றல்களே.

பிறகு மருந்து வந்தது. 1940-களில் ஸ்ட்ரெப்டோமைசின், அடுத்த சில ஆண்டுகளில் வேறு மருந்துகள். காசநோய்க்குப் படுக்கையும் காற்றோட்டமும்தான் சிகிச்சை என்ற எண்ணத்தை அசைத்ததில் நம் சென்னைக்குப் பெரும் பங்குண்டு. 1956-இல் அங்கே தொடங்கப்பட்ட காசநோய் மருந்து சிகிச்சை ஆய்வு மையம், நெருக்கடியான வீடுகளில் இருந்தபடியே மருந்து உண்ட ஏழை நோயாளிகளும் சானட்டோரியத்தில் படுத்திருந்தோருக்கு ஈடாகக் குணமடைந்தனர் என்பதை 1959-இல் உலகுக்குக் காட்டியது. முதுகெலும்புக் காசநோயிலும் இக்கேள்வி எழுந்தது. கொரியாவின் பூசான் நகரில் பிள்ளைகளிடையே நடத்தி 1973-இல் வெளியிட்ட ஆய்வில், மருந்தோடு ஜிப்சம் கட்டும் போட்டவர்களுக்கு, மருந்து மட்டும் உண்டவர்களைவிடக் கூடுதல் நன்மை ஏதும் காணப்படவில்லை. அவ்வாய்வு முதுகுக்கும் இடுப்புக்கும் உரியது, கழுத்துக்கு அதை அப்படியே பொருத்த முடியாது. எனினும், நூறாண்டுகளாகக் கட்டைச் சுமந்த பிள்ளைகளின் வரலாற்றில் இது பெரிய திருப்பம். கட்டு எத்தனை சிறப்பாக வடிவமைக்கப்பட்டிருந்தாலும், அது தேவைதானா என்ற கேள்வி தனியே கேட்கப்பட வேண்டும் என்பது புலனாயிற்று.

ஆனால் கட்டு இன்றியமையாத கழுத்துகளும் இருந்தன. 1950-களில் அமெரிக்காவில் போலியோ பரவியபோது, கழுத்துத் தசைகள் அனைத்தும் செயலிழந்து தலையையே நிறுத்த முடியாத நோயாளிகள் கலிபோர்னியாவின் ராஞ்சோ லாஸ் அமிகோஸ் மருத்துவமனையில் இருந்தனர். அவர்களுக்கு அறுவை செய்து கழுத்தெலும்புகளை ஒன்றாக இணைத்தாலும், இணைப்பு இறுகும்வரை பல மாதங்கள் தலை அசையக் கூடாது. மோவாயைப் பிடிக்கும் எந்தப் பட்டையும் அவர்களிடம் தோற்றது. ஜாக்குலின் பெர்ரி என்ற பெண் மருத்துவரும் அவருடைய சக மருத்துவர் வெர்னன் நிக்கலும் தோலையும் தாடையையும் நம்புவதை விட்டுவிட்டு மண்டையோட்டையே பிடித்தனர். தலையைச் சுற்றி ஓர் உலோக வளையம். அதிலிருந்து நான்கு திருகாணிகள் மண்டையோட்டின் வெளிப்புற அடுக்கில் மட்டும் பதியும். வளையத்திலிருந்து இறங்கும் தண்டுகள் மார்பைச் சுற்றிய கட்டோடு இணையும். 1959-இல் வெளியான இவ்வமைப்புக்கு 'ஹாலோ' என்று பெயர். பார்ப்பவருக்கு அச்சம் தரும் கருவிதான். ஆனால் அதை அணிந்தவர் எழுந்து உட்காரலாம், நடக்கலாம், வாயைத் திறந்து உண்ணலாம். பெர்ரி இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் படை மருத்துவமனையில் உடற்பயிற்சி சிகிச்சையாளராகப் பணிபுரிந்து, அதன்பின்னரே மருத்துவம் படித்தவர். நோயாளியின் உடலோடு அன்றாடம் பழகிய கை இவ்வடிவமைப்பில் தெரிகிறது என்பது எமது எண்ணம்.

இத்தனை பட்டைகள் இருந்தும், எது எவ்வளவு பிடிக்கிறது என்று எவரும் முறையாக அளக்காமலே நெடுங்காலம் சென்றது. 1977-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள் நலமான மனிதர்களுக்குப் பட்டைகளை அணிவித்து, எக்ஸ்ரே எடுத்து அளந்தனர். தலையை முன்னும் பின்னும் அசைப்பதை மென்மையான ஸ்பாஞ்சுப் பட்டை ஏறத்தாழ 26 விழுக்காடு மட்டுமே தடுத்தது. மோவாயையும் பிடரியையும் இரு துண்டுகளாகப் பற்றும் 'பிலடெல்பியா' பட்டை 71 விழுக்காடு. ஹாலோ 96 விழுக்காடு. பக்கவாட்டில் திருப்புவதில் இடைவெளி இன்னும் பெரிது. ஸ்பாஞ்சுப் பட்டை 17, பிலடெல்பியா 56, ஹாலோ 99.

இவ்வெண்களை வீட்டில் வைத்துப் பாருங்கள். கழுத்தெலும்பு முறிந்த ஒருவருக்கு, மருந்துக் கடையில் வாங்கிய ஸ்பாஞ்சுப் பட்டையை மாட்டிவிட்டுப் பாதுகாப்பாக இருக்கிறார் என்று எண்ணினால் அது வெறும் எண்ணமே. அது பிடித்து நிறுத்துவதைவிட, 'தலையைத் திருப்பாதே' என்று நினைவூட்டுவதுதான் மிகுதி. மறுபுறம், முறிவு ஏதுமின்றி வலி மட்டும் உள்ளவருக்கு அப்பட்டையும் நீண்ட நாளைக்குத் தேவையில்லை. வாகன மோதலில் கழுத்து வெட்டி இழுத்து நோவு கண்டவர்களைப் பற்றி ஆராய்ந்த கனடாவின் கியூபெக் குழு 1995-இல் வெளியிட்ட அறிக்கை, நீண்டகாலப் பட்டைக்குப் பதிலாக விரைவில் இயல்பான அசைவுக்குத் திரும்புவதை வலியுறுத்தியது. அணிந்தே இருந்தால் கழுத்துத் தசைகள் வேலை மறந்து மெலிகின்றன. கடினமான பட்டைக்கும் அதற்குரிய தீங்குகள் உண்டு. மோவாய், பிடரி, காறை எலும்பு ஆகிய இடங்களில் அழுத்தப் புண் வரும், விழுங்கச் சிரமமாகும். தலையிலும் அடிபட்டவருக்குக் கழுத்துச் சிரைகள் அழுந்தினால் மண்டைக்குள் அழுத்தம் கூடும். முதுகெலும்பு இறுகி ஆண்டுக்கணக்கில் குனிந்தே போன முதியவரின் கழுத்தை நேரான பட்டைக்குள் திணித்து நிமிர்த்துவது ஆபத்து. பட்டை அவருடைய வளைவுக்கேற்ப அமைய வேண்டும், அவர் பட்டைக்கேற்ப வளையக் கூடாது. நம் பெண்களுக்கு ஒரு சிறு குறிப்பு: முக்காட்டுத் துணி பட்டைக்கு உள்ளே மடிந்து கிடந்தால் அந்த மடிப்பே புண்ணாக்கும். துணியைப் பட்டைக்கு வெளியே சுற்றுங்கள்.

ஃபிக்ஹு நூல்களில் ஜபீரா பாடம் நடத்தும்போது ஒரு நிபந்தனையில் நாம் எப்போதும் சற்றுத் தங்குவதுண்டு. ஷாஃபிஈ மத்ஹபில், கட்டு நலமான தோலைத் தேவைக்கு மேல் மூடியிருக்கக் கூடாது. பிடிமானத்துக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு மட்டும். நீரையும் தூய்மையையும் பற்றிய சட்டமாக அது எழுதப்பட்டது. ஆனால் தாமஸின் பட்டறையிலும் யேலின் எக்ஸ்ரே அறையிலும் தேடியது அந்த அளவையே அல்லவா?

இனி, பட்டையைக் கழற்றித் தொழுவோர் அறிய வேண்டியவை. கழுத்து உளூவின் ஃபர்ளான உறுப்புகளுள் அடங்காது. ஆகவே கழுத்தை மட்டும் சுற்றிய பட்டையால் உளூவுக்குத் தடையே இல்லை. மோவாயை ஏந்தும் கடினப் பட்டையில்தான் கேள்வி எழும், ஏனெனில் மோவாய் முகத்தின் எல்லைக்குள் வருகிறது. கழற்றினால் தீங்கு என்று நம்பகமான மருத்துவர் சொல்லியிருந்தால் கழற்றாமலே தூய்மை செய்ய மார்க்கம் வழி வைத்திருக்கிறது. ஹனஃபீ மத்ஹபில் மூடிய இடத்தின் மேல் ஈரக் கையால் தடவுவது போதும். ஷாஃபிஈ மத்ஹபில் நலமான பகுதியைக் கழுவி, கட்டின் மேல் தடவி, தயம்மமும் செய்ய வேண்டும். அத்தொழுகையைப் பின்னர் திருப்பித் தொழுவது பற்றி அம்மத்ஹபில் விரிவான விவரங்கள் உண்டு. கடமையான குளிப்புக்கும் அவ்வாறே. உங்கள் பட்டை எதை மூடியிருக்கிறது என்பதை ஊரின் ஆலிமிடம் காட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். தலையில் காயமுற்ற ஒருவரைச் சலுகை இல்லையென்று சொல்லிக் குளிக்கவைத்து, அவர் இறந்துபோனதைக் கேட்டு நபி (ஸல்) அவர்கள் கடுமையாகக் கோபமுற்ற செய்தி அபூதாவூதில் பதிவாகியுள்ளது. தெரியாதபோது கேட்டிருக்கக் கூடாதா என்பதே அவர்களின் கண்டனம்.

ஸஜ்தாவுக்கும் இதுவே வழி. மூலநோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நின்று தொழவும், இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் பக்கவாட்டில் படுத்தும் தொழ அனுமதித்த ஹதீஸ் புகாரியில் உள்ளது. பட்டை அணிந்தவர் நாற்காலியில் அமர்ந்து, மருத்துவர் அனுமதித்த அளவுக்கு இடுப்பிலிருந்து முன்சாய்ந்து, ருகூஃவைவிட ஸஜ்தாவுக்குச் சற்றுக் கூடுதலாகச் சாய்ந்தால் போதும். நெற்றியில் முட்டுவதற்காகத் தலையணையையோ பலகையையோ உயர்த்திப் பிடிக்க வேண்டியதில்லை. இறுதியில் ஸலாம் கொடுக்கும்போது வலமும் இடமும் முகத்தைத் திருப்புவது சுன்னத்து. கடமையை நிறைவேற்றுவது நாவால் சொல்லும் ஸலாம். கழுத்தெலும்பு ஆறாத ஒருவர் நேரே பார்த்தபடி, பட்டைக்குள் கழுத்தைத் திருக முயலாமல், இருபுறமும் இருப்போரை மனத்தில் எண்ணி ஸலாம் சொன்னாலே அவருடைய தொழுகை முடிந்துவிடுகிறது.